டீக்கன் வீட்டு வாசலில் நின்ற தண்ணீர்

வெர்னெல் ஹாஸ்கின்ஸுக்கு மில்வாக்கியின் வடக்குப் பகுதியில் ஐந்நூற்று எழுபது வீடுகள். சொந்த வீடு ஒன்றுதான். மற்றவை அவள் தபால் கொடுக்கிற வீடுகள். இருபத்து மூன்று வருடங்களாக அதே தெருக்கள், அதே படிகள். எந்த நாய் குரைத்துவிட்டு ஒதுங்கும், எது சத்தமே போடாமல் காலைப் பிடிக்கும், யார் வீட்டுக்கு மகனிடமிருந்து கடிதம் வருகிறது, யார் வீட்டுக்கு வருவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

தண்ணீரும் அப்படித்தான். ஒரு நாளைக்குப் பத்து மைல் நடக்கிறவள் அவள். மூன்றாவது மைலில் கால் நனைந்தால் மீதி ஏழு மைலையும் ஈரக் காலுறையோடுதான் நடந்தாக வேண்டும். அதனால் எந்த முனையில் தண்ணீர் நிற்கும், எங்கே தாண்டலாம், எங்கே சுற்றிப் போக வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தராமலே அவள் கால்கள் தெரிந்து வைத்திருந்தன.

அந்தப் பகுதியில் மழைத் தண்ணீரும் வீட்டுக் கழிவும் ஒரே குழாயில்தான் போகும். பெருமழை பெய்தால் குழாய் தாங்காது. தெருவில் தண்ணீர் தேங்கும். வீடுகளின் நிலவறைத் தரையில் இருக்கிற துவாரம் வழியாகக் கழிவு மேலே பொங்கிவரும். சலவை இயந்திரம், வெந்நீர்க் கொதிகலன், கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டி எல்லாம் மிதக்கும். மறுநாள் தெருவெங்கும் நனைந்த கம்பளங்களைச் சுருட்டி வெளியே போட்டிருப்பார்கள். வெர்னெல் அவற்றைத் தாண்டித் தாண்டித் தபால் போடுவாள்.

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, ஹோல்கம் தெருவில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் தெரு ஓடையானது. டீக்கன் பிராட்நாக்ஸ் வீட்டு வாசலில் எப்போதும் தண்ணீர் நிற்கும், சுற்றித்தான் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் சுற்றித்தான் போனாள். ஆனால் குழாயின் அழுத்தத்தில் வடிகால் மூடி நகர்ந்து கிடந்தது தண்ணீருக்கு அடியில் தெரியவில்லை. வலது கால் முழங்கால் வரை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது.

ஆட்டிஸ் பிராட்நாக்ஸ், வெர்னெல் போகிற தேவாலயத்தின் மூத்த டீக்கன், போதகருக்குத் துணையாகச் சபைக் காரியங்களைப் பார்க்கிறவர். வயது எழுபத்தொன்று. நாற்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் அச்சுகள் செய்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு ஒரு சவ அடக்கத்துக்காகக் கறுப்புக் கோட்டும் பளபளக்கும் காலணியும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தவர், அப்படியே படியிறங்கித் தண்ணீருக்குள் வந்தார். வெர்னெல் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, தபால் பையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அதைக் கீழ விடு தபாலம்மா. என்னைப் பிடி."

"நனைஞ்சிரும், டீக்கன்."

"நனையட்டும்! அத்தனையும் கரன்ட் பில்லு. நனைஞ்சா இந்தத் தெருவே உனக்கு மாலை போடும்."

பையை ஒரு தோளிலும் அவளை இன்னொரு தோளிலுமாகச் சுமந்து, தன் ப்யூக் காரின் பின்னிருக்கையில் படுக்க வைத்தார். அந்தக் கார் சாதாரணக் கார் அல்ல. வாங்கி முப்பது வருடமாகியும் நேற்று வாங்கியதுபோல் இருக்கும். கருநீல உடம்பு, பால் நிற இருக்கைகள். தேவாலயத்துப் பிள்ளைகள் கதவில் விரல் வைத்தால்கூட டீக்கனின் தொண்டை கனைக்கும். அந்தப் பால் நிற இருக்கையில் சாக்கடைச் சேறும் ரத்தமும் வடிய அவள் மருத்துவமனை போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் "சீட்டு, சீட்டு" என்று அவள்தான் புலம்பினாள். அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மூன்று மாதம் நடக்கக் கூடாது என்றார்கள். அவள் கணவன் ராஸ்கோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன். வேலை முடிந்து வந்து அவள் காலைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிடுவான். டீக்கன் வெள்ளிக்கிழமை தவறாமல் வறுத்த மீனும் சோள ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எப்ப வர்றே? உன் இடத்துல வர்ற ஆளு பக்கத்து வீட்டுத் தபாலை எனக்குப் போடுறான். ஊர் ரகசியமெல்லாம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்பார். அந்த மூன்று மாதத்தில் வெர்னெல் கடவுளுக்கு நன்றி சொன்னபோதெல்லாம் அந்த மனிதரின் பெயரும் அதில் இருந்தது.

அக்டோபரில் அவள் கைத்தடியோடு நடமாடத் தொடங்கியிருந்தபோது, தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். தெருக்களில் நகராட்சி மழைத்தோட்டம் அமைக்கப் போகிறதாம். விளக்க வந்தவள் மாய் நியா வாங் என்கிற பொறியாளர். முப்பது வயதைத் தாண்டியவள், தென்கிழக்காசியாவிலிருந்து குடியேறிய ஹ்மாங் இனத்துப் பெண், அதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். தெருவோரத்தில் பள்ளம் எடுத்து, கெட்டிக் களிமண்ணை அள்ளிவிட்டு, ஜல்லி பரப்பி, அதன்மேல் மணல் கலந்த மண் போட்டு, ஆழமாக வேர் விடும் செடிகளை நடுவோம் என்றாள். நடைபாதையின் ஓரக்கல்லில் ஒரு வெட்டு விட்டால் தெருவில் ஓடும் தண்ணீர் அதற்குள் திரும்பும். மண் முடிந்தவரை குடிக்கும். மிச்சம் நிதானமாகக் குழாய்க்குப் போகும்.

"ஒரு தோட்டம் போட்டா உங்க பேஸ்மென்ட் காஞ்சிடும்னு நான் சொல்ல மாட்டேன். இந்தப் பகுதியில மொத்தம் பதினாலு போடுறோம். பதினாலும் சேர்ந்து வேலை செய்யணும்" என்றாள்.

"கொசு வருமா?" என்று கேட்டார் ஒருவர். "ஒரு நாளைக்குள்ள வடிஞ்சிரும். கொசுவுக்கு ஒரு வாரம் வேணும்" என்றாள்.

பிறகு சுவரில் வரைபடத்தை மாட்டினாள். ஹோல்கம் தெருவுக்கான தோட்டம் மேற்குப் பக்க முனையில், யாரும் கார் நிறுத்தாத இடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. டீக்கன் முதல் வரிசையில் இருந்து, "ஆமென். நல்ல இடம்" என்றார்.

வெர்னெல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முனையில் அவள் கால் ஒரு நாளும் நனைந்ததில்லை. தெருவின் மேல்பக்கத்திலிருந்து வரும் தண்ணீர், பாதி வழியில் ஒரு பெரிய மேப்பிள் மரத்தின் வேர் தூக்கிவிட்ட மேட்டில் முட்டி, தெருவைக் குறுக்கே கடந்து, கிழக்குப் பக்கத்தில் டீக்கன் வாசலில் போய் நிற்கும். தோட்டம் போட வேண்டிய இடம் அதுதான். அங்கே போட்டால் நடைபாதையைத் தெருவுக்குள் ஆறடி நீட்ட வேண்டும். ப்யூக் நிற்கிற இடம் போய்விடும்.

"நான் சொல்லாம ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டாள் மாய் நியா. "தண்ணி எங்க நிக்குதுன்னு எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

டீக்கனின் நரைத்த பின்னந்தலை வெர்னெலுக்கு முன்னால் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். கீழ்க்கோடி வீட்டு ஆர்லீன் மாஸ்பி இரண்டு வருடத்தில் மூன்று தடவை வெந்நீர்க் கொதிகலனைத் தெருவில் தூக்கிப் போட்டது நினைவுக்கு வந்தது. கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"அந்த முனையில தண்ணியே வராதும்மா. படத்துல தப்பா இருக்கு."

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துத்தான்..."

"கம்ப்யூட்டர் செருப்புப் போட்டுக்கிட்டு நடந்துச்சா?"

கூடம் சிரித்தது. மாய் நியாவும் சிரித்துவிட்டாள். "சரி, எங்கதான் நிக்குது?"

"டீக்கன் பிராட்நாக்ஸ் வீட்டு வாசல்ல."

சிரிப்பு நின்றது. டீக்கன் மெல்ல எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். அவளைத் தாண்டிப் போகும்போது தாழ்ந்த குரலில், "அந்தக் கார்லதானே உன்னைத் தூக்கிப் போட்டேன்" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

அன்று வீட்டில் ராஸ்கோ தலையில் கை வைத்துக்கொண்டான். "அந்தப் பொண்ணு தனியா இருக்கறப்பக் காதுல சொல்லியிருக்கலாம்ல? சபைக்கு நடுவுல சொல்லணுமா?"

"கேட்டது சபைக்கு நடுவுல."

"உன் வாய்க்கு ஒரு ஸ்டாப்பு கிடையாது. என் பஸ்ஸாவது நின்னு நின்னு போகுது."

அடுத்த மாதம் கைத்தடியை விட்டுவிட்டு அவள் மறுபடி பையைத் தோளில் மாட்டினாள். டீக்கன் வீட்டுக்குத் தபால் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அலுவலகத்தில் விசாரித்தபோது, அவர் தபால் நிலையத்திலேயே ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு எதுவும் வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருப்பது தெரிந்தது. ஒரு தபால்காரியிடம் ஒரு மனிதன் இதைவிடக் கடுமையாகக் கோபித்துக்கொள்ள முடியாது. குளிர்காலம் முழுவதும், பனி கொட்டிய நாட்களிலும், அவர் வீட்டுப் படியில் ஏறாமலே கடந்து போனாள். திரைச்சீலை ஓரத்தில் அவர் நிற்பது தெரியும். அவள் கையை உயர்த்துவாள். திரை அசையாது.

ஏப்ரலில் ஒரு மழை நாளில் மாய் நியா அவளோடு நடக்க வந்தாள். கூட்டத்தில் கேட்டதை அவள் மறக்கவில்லை. ரப்பர் காலணியும் மழைக்கோட்டுமாக, கையில் நீரில் கரையாத மெழுகுக்கட்டியோடு ஐந்து மணி நேரம் கூடவே நடந்தாள். வெர்னெல் வீடு வீடாகப் படியேறி இறங்கிக்கொண்டே, "இங்க பாரு, இலை ஒதுங்கிக் கிடக்கு. தண்ணி இதுவரைக்கும் வந்திருக்கு" என்பாள், மாய் நியா அங்கே கோடு போடுவாள். மேப்பிள் மரத்தடியில் தண்ணீர் குறுக்கே திரும்புவதைப் பார்த்ததும் மாய் நியா தெரு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்க அளந்தப்ப இந்த வேர் இவ்வளவு தூக்கலியே. பழைய அளவை வச்சுக்கிட்டுப் படம் போட்டிருக்கோம்" என்றாள். சற்று நேரம் கழித்து, "நன்றிக்கா" என்றாள். "தப்பான இடத்துல தோட்டம் போட்டு, வேலை செய்யலைன்னா, அடுத்த தெருவுல யாரும் எங்களை நம்ப மாட்டாங்க."

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாமல் அவர் வாசலில் எதுவும் கட்ட மாட்டார்கள். மே கடைசிக்குள் டீக்கன் சம்மதிக்காவிட்டால் ஹோல்கம் தெருவுக்குத் தோட்டமே கிடையாது. மாய் நியா இரண்டு முறை போய்க் கதவைத் தட்டினாள். இரண்டு முறையும் டீக்கன் மரியாதையாக எலுமிச்சைச் சாறு கொடுத்து, மரியாதையாக முடியாது என்று அனுப்பிவிட்டார்.

மே இருபதாம் தேதி வாக்கில் நண்பகலில் வானம் கறுத்துக் கொட்டியது. வெர்னெல் ஹோல்கம் தெருவுக்குள் திரும்பியபோது, ப்யூக்குக்குப் பக்கத்தில் ஓர் உருவம் குனிந்து நிற்பதைக் கண்டாள். டீக்கன். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, நீண்ட இரும்பு அளவுகோலைத் தண்ணீருக்குள் நட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் சக்கரம் பாதி முழுகியிருந்தது.

அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ஏறு" என்றார், காரின் கதவைத் திறந்து.

"நனைஞ்சிருக்கேன்."

"இதைவிட மோசமா ஏறியிருக்கே. ஏறு."

முன்னிருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அளவுகோலை மடியில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு நனைந்த அட்டையை எடுத்தார். அதில் பென்சிலால் தேதி தேதியாக எழுதியிருந்தது.

"ஏப்ரல்லேர்ந்து ஆறு மழை. ஒவ்வொண்ணுக்கும் அந்த முனையையும் அளந்தேன், இங்கயும் அளந்தேன். நீ சொன்னது பொய்னு காட்டணும்னுதான் ஆரம்பிச்சேன்."

"என்ன வந்துச்சு?"

"அங்க ஆறு தடவையும் பூஜ்யம். இங்க நாலு, அஞ்சு, மூணே முக்கால், ஏழு... இன்னிக்கு ஒம்பதரை அங்குலம்." மூக்கை உறிஞ்சினார். "நாப்பது வருஷம் ஒரு மயிரிழை தப்பாம அளந்து சம்பாதிச்ச கை, தபாலம்மா. அளவுகோல் சொன்னதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது."

"உங்க பேரைச் சபையில இழுத்திருக்கக் கூடாது, டீக்கன். தனியா வந்து முதல்ல உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அதுக்கு மன்னிச்சிக்குங்க."

"அதுதான். அதுமட்டும்தான் எனக்கு வலிச்சது." காரின் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். யாருடைய குப்பைத்தொட்டியோ மிதந்து போனது. "எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. நான் அங்க உக்காந்து ஆமென் சொல்லிட்டிருந்தேன்."

இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"கையெழுத்துப் போட்டா இவளை எங்க நிறுத்துறது?" என்று காரின் முகப்பைத் தட்டினார்.

"பின்னாடி கேரேஜ் இருக்குல்ல?"

"கேரேஜ்ல இடமில்ல. சபையோட பழைய பெஞ்சு பதினொண்ணு கிடக்கு. ரெண்டு வாரம் வச்சிரு டீக்கன்னு போதகர் சொன்னார்."

"எப்போ?"

"பத்தொம்பது வருஷம் ஆச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே வெர்னெல் ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஆள் பிடித்தாள். ராஸ்கோ, பாடகர் குழுவின் ஆண்கள் நால்வர், இன்னும் சிலர் போய் கேரேஜைத் திறந்தார்கள். பாதிப் பெஞ்சுகளைக் கறையான் தின்றிருந்தது. நல்லவற்றை அவரவர் வீட்டு வராந்தாவுக்கு எடுத்துப் போனார்கள். போதகர் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்க போச்சுன்னு நானும் யோசிச்சிட்டுதான் இருந்தேன்" என்றார். டீக்கன் அவரைப் பார்த்த பார்வையில் மிச்சமிருந்த பெஞ்சும் எரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை, தபால்களை வரிசைப்படுத்தும்போது வெர்னெல் கையில் ஓர் உறை வந்தது. ஆட்டிஸ் பிராட்நாக்ஸ், ஹோல்கம் தெரு. தபால் நிலையப் பெட்டியை விட்டுவிட்டார். அன்று அவள் அந்தப் படிகளில் ஏறி, வாசல் பெட்டியில் போடாமல் மணியை அடித்தாள். அவர் கதவைத் திறந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"பல் டாக்டர் விளம்பரம்" என்றார். "என் பல்லெல்லாம் கழட்டி வைக்கிற பல்லு."

"குடுத்த தபாலைத் திருப்பி வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அடுத்த நான்கு வீட்டுக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே தபால் போட்டாள்.

மே முடிவதற்குள் டீக்கன் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகஸ்டில் தோண்டினார்கள். டீக்கன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அளவுகோலோடு வேலைக்காரர்களின் உயிரை எடுத்தார். செடிகள் வந்தபோது அவற்றில் ஒன்று ஊரெல்லாம் களை என்று பிடுங்கிப் போடுகிற எருக்கு வகை என்று கண்டுபிடித்து, "என் வாசல்ல களையைக் காசு குடுத்து நடுறாங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் முறையிட்டார். ஆனால் அவருடைய தொல்லையால் ஒரு காரியம் நடந்தது. ஓரக்கல்லில் வெட்டிய வழியை அளந்து பார்த்தவர், அது தெருவின் தாழ்வான மட்டத்தைவிட ஓர் அங்குலம் உயரமாக இருக்கிறது, தண்ணீர் உள்ளே நுழையாமல் முன்னாலேயே ஓடிவிடும் என்றார். மேற்பார்வையாளர் சிரித்தார். மாய் நியா சிரிக்கவில்லை. வந்து மண்டியிட்டு, அவருடைய அளவுகோலை வாங்கித் தானே அளந்தாள்.

"ஓர் அங்குலமும் ஒரு நூலும்" என்றாள்.

"நூலை உனக்காக விட்டுக்குடுத்தேன் பொண்ணே" என்றார் அவர். மறுநாள் கல்லை மறுபடி வெட்டினார்கள்.

அடுத்த வருடம், பதினான்கு தோட்டங்களும் முடிந்திருந்த ஜூனில், பெரிய மழை வந்தது. வெர்னெல் பிற்பகல் மூன்று மணிவாக்கில் ஹோல்கம் தெருவுக்கு வந்தாள். மேப்பிள் மரத்தடியில் தண்ணீர் வழக்கம்போலக் குறுக்கே திரும்பி, வேகமாக ஓடிவந்து, ஓரக்கல்லின் வெட்டில் சட்டென்று உள்ளே புரண்டு இறங்கியது. இடுப்புயரம் வளர்ந்திருந்த செடிகளுக்கு நடுவில் பழுப்பு நீர் ஏறி நின்றது. வீட்டுக்காரர்கள் வராந்தாவில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். டீக்கன் குடையோடு தோட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். தெரு முழுக்க வறண்டுவிடவில்லை. ஓரங்களில் கணுக்கால் அளவு ஓடத்தான் செய்தது. ஆனால் கீழ்க்கோடி வீட்டு ஆர்லீன் மாஸ்பி வராந்தாவிலிருந்து கத்தினாள்.

"கீழ பேஸ்மென்ட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தேன், வெர்னெல்! தரை காஞ்சு கிடக்கு! செருப்பில்லாம நின்னு பார்த்தேன்!"

மறுநாள் காலையில் தோட்டத்தில் தண்ணீர் இல்லை. செடிகளின் அடியில் சேறும், ஒரு சிப்ஸ் பொட்டலமும், யாருடையதோ ஒற்றைக் கையுறையும் கிடந்தன. அவள் பையைப் படியில் வைத்துவிட்டு அவற்றைப் பொறுக்கப் போனபோது, டீக்கன் வாளியும் மண் அள்ளும் கரண்டியுமாக முன்னாலேயே வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கடவுள் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார் போதகர். வெர்னெல் அப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை. எழுந்தாள்.

"எனக்கு நீளமாப் பேசத் தெரியாது" என்றாள். "நான் விழுந்தப்ப நல்ல கோட்டு நனையுதேன்னு பார்க்காம என்னைத் தூக்கின கைக்கு நன்றி."

"சொல்லு சிஸ்டர்" என்றது ஒரு குரல்.

"மூணு மாசம் என் காலை மடியில வச்சுத் தேச்சுவிட்ட என் வீட்டுக்காரருக்கு நன்றி. படிச்ச பொண்ணா இருந்தும், ஒரு தபால்காரி பேச்சைக் கேட்டு மழையில அஞ்சு மணி நேரம் நடந்த அந்தப் பிள்ளைக்கு நன்றி. என்மேல கோபமா இருந்தப்பவும் உண்மையை மட்டும் எழுதி வச்சவருக்கு நன்றி. ஆண்டவரே, இவங்க எல்லாரையும் என் வழியில வச்சதுக்கு நன்றி."

உட்கார்ந்தாள். ராஸ்கோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். முன் வரிசையில் டீக்கன் திரும்பவில்லை. கைக்குட்டையால் நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

ஆராதனை முடிந்து, கீழ்க்கூடத்தில் கீரையும் கோழி வறுவலும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, இரண்டு தெரு தள்ளி வசிக்கிற ஒரு பெண் தட்டோடு அவளிடம் வந்தாள்.

"எங்க சந்து முனையிலயும் முழங்கால் அளவு நிக்குதுக்கா. ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்றியா?"

"உங்க வரிசையில பச்சைக் கதவு வீட்டுக்குப் பக்கத்துல தானே?" என்றாள் வெர்னெல், கோழித்துண்டைக் கடித்தபடி. "வர்றேன். மழை பெய்யறப்பதான் வருவேன். டீக்கன்கிட்ட அளவுகோலை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."